என்ஜினைத் திறக்கச் சொன்னவள்

ஜூலை 10, புதன்

நேற்று எழுத முடியவில்லை. இன்றும் எழுதாமல் விட்டால் யாரையாவது அடித்துவிடுவேன் போலிருக்கிறது.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். நேற்று செவ்வாய். வழக்கம்போல எங்கள் மருத்துவ வேனில் மலைக்குப் போனோம். நானும் டிரைவர் தனபால் அண்ணனும் மட்டும். ஐந்து வருடமாக இந்த அறக்கட்டளையில் நர்ஸாக இருக்கிறேன். ஐந்து வருடமும் இதே வேன், இதே செவ்வாய், இதே ஆறு ஊர். ஈச்சங்காட்டில் சர்க்கரை நோயாளிகளுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தபோது சடையன் தன் மனைவியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். பொன்னாயி. இருபத்தேழு வயது. மரவள்ளிக் காட்டில் களை எடுக்கும்போது கண்ணாடி விரியன் கடித்திருக்கிறது. பாம்பையும் அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். விஷமுறிவு மருந்து எங்கள் வேனில் கிடையாது. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். முப்பத்துநான்கு கிலோமீட்டர்.

பதினொன்று பத்துக்குக் கிளம்பினோம். ஈச்சங்காட்டிலிருந்து முதலில் ஏற்றம், மேட்டைத் தாண்டினால் பிறகு எல்லாம் இறக்கம். மேடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வண்டி நின்றுவிட்டது. திடீரென்று நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் என்ஜின் அசையவே இல்லை. அங்கே செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. ஒன்று நாற்பதுக்கு ஒரு கிழங்கு லாரி வந்தது. இரண்டரை மணி நேரம் போய்விட்டது. மூட்டைகளின் மேல் அவளைப் படுக்கவைத்து, சடையன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு இறங்கினோம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மூன்று மணி. ஈறிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

டாக்டர் என்னைப் பார்த்து, "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கக் கூடாதாம்மா?" என்றார்.

அறக்கட்டளைக்கு அந்தக் கேள்வியை அனுப்ப வேண்டும். போன நவம்பரிலிருந்து நான்கு முறை விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். ரேடியேட்டரைச் சுத்தம் செய்ய வேண்டும், தண்ணீர் குறைகிறது, வண்டி சூடாகிறது என்று தனபால் அண்ணன் எழுதி, நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். நான்கு நகலும் என் ஃபைலில் இருக்கின்றன. பதில் ஒன்றுகூட இல்லை. பதினாறு வருடத்து வண்டி. இப்போது மலைப்பாதையில் செத்துக் கிடக்கிறது.

வீட்டுக்கு வந்தால் குழாயில் தண்ணீர் இல்லை. வீட்டுக்கார அம்மா மோட்டார் போடமாட்டாளாம், கரண்ட் பில் ஏறுகிறதாம். யூனிஃபார்ம் முழுக்க ரத்தமும் வாந்தியும். கத்தினேன். மோட்டார் போட்டாள்.

ஜூலை 11, வியாழன்

அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். மேலாளர் திருஞானம் சார் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டிருந்தார். அது அவருடைய கூட்டங்களுக்கான முகம்.

"நடந்ததை எழுதிக் கொடுங்க சிஸ்டர். வண்டி ஏன் நின்னுச்சு, டிரைவர் முன்னாடியே ஏதாவது சொன்னாரா, இல்லையா. ரெண்டு பேரும் ஒரே காயிதத்துல கையெழுத்துப் போட்டாப் போதும்."

எழுதினேன். "வண்டி முன்னறிவிப்பின்றி நின்றது. அன்று வழியில் எந்த அறிகுறியும் என் கவனத்துக்கு வரவில்லை."

தனபால் அண்ணன் அதை வாங்கிப் படித்தார். இரண்டு வரியைப் படிக்க எவ்வளவு நேரம் வேண்டும்? அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவ்ளோதானா சிஸ்டர்?"

"இவ்ளோதாண்ணே."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். டீ குடிக்கக் கூப்பிட்டேன், வரவில்லை. இருபத்தெட்டு வருடம் வண்டி ஓட்டியவர், வண்டி படுத்ததில் அவருக்கும் மனசு சரியில்லாமல் இருக்கும். அதற்காக என் மேல் ஏன் முகத்தைக் காட்ட வேண்டும்?

ஜூலை 13, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பொன்னாயிக்குச் சிறுநீர் இறங்கவில்லை. இரண்டு முறை டயாலிசிஸ் செய்திருக்கிறார்கள். முகம் வீங்கி யாரோ போலிருக்கிறாள். என்னைப் பார்த்ததும், "மாத்திர நோட்டு உங்ககிட்டதான இருக்குது?" என்று கேட்டாள். அவளுடைய மாமியாருக்கு மாத்திரை வாங்குகிற நோட்டு. படுத்திருக்கிற இடத்தில் அதுதான் அவள் கவலை.

சடையனுக்கு ரொட்டியும் பாலும் வாங்கிப்போயிருந்தேன். வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தான்.

"வண்டி ஏன் சிஸ்டரு நின்னுச்சு?"

"பழைய வண்டிப்பா. சரியாப் பாத்துக்கல ஆபீஸ்ல."

"அந்த ஓடைகிட்ட மெதுவாச்சே. அப்பவே நெனச்சேன்."

அவன் பின்னால் உட்கார்ந்திருந்தவன், ஏற்றத்து இரைச்சலில் முன்னால் பேசுவதுகூடக் கேட்காது. அவனுக்கு என்ன தெரியும்? நர்ஸ் ஒருத்தி கூப்பிட்டாள், எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 15, திங்கள்

இன்று நடந்ததை நினைத்தால் ரத்தம் கொதிக்கிறது.

வேனைக் கட்டியிழுத்துக் கொண்டுவந்து கோதண்டம் பட்டறையில் போட்டிருக்கிறார்கள். என்ஜின் போயிருக்கலாம் என்று சந்தேகமாம். சந்தேகம் என்றால் திறந்து பார்க்க வேண்டும் இல்லையா? திருஞானம் சார் அதைத் திறக்காமலே பழைய இரும்புக்குப் போடப்போகிறாராம். அதோடு ஈச்சங்காடு வழித்தடத்தையும் "மாற்று ஏற்பாடு ஆகும்வரை" நிறுத்திவைக்கிறாராம்.

"பதினாறு வருஷ வண்டிக்கு எதுக்கு சிஸ்டர் வைத்தியம்? தெறந்தா வேலை இழுத்துக்கிட்டே போகும்."

"தெறந்தாத் தெரியும் சார், யாரு கவனிக்காம விட்டதுன்னு."

"சென்டிமென்டா பேசாதீங்க."

"நாலு விண்ணப்பம் குடுத்தோம். அதுவும் சென்டிமென்டா?"

அவர் ஃபேனைப் பார்த்தார். ஃபேன் நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு வருடா வருடம் சர்வீஸ் உண்டு.

திறந்தால் ரேடியேட்டரில் அடைத்திருக்கிற சேறு வெளியே வரும். அதுதான் பயம். ஒரு உயிர் ஊசலாடுகிறது, இந்த மனுஷன் சேற்றை மறைக்கிறான்.

ஜூலை 16, செவ்வாய்

பழக்கத்தில் விடியற்காலையிலேயே எழுந்து யூனிஃபார்மை இஸ்திரி போட்டுவிட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. மலையில் எல்லாரும் ஆலமரத்தடியில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் நாலு பேர்.

ஜூலை 18, வியாழன்

அறங்காவலர்கள் எல்லாருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதி ரெஜிஸ்தர் தபாலில் போட்டேன். என்ஜினைத் திறந்து, தகுதியான மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்கி, அதற்குப் பிறகுதான் வண்டியைப் பழுது பார்ப்பதா கழிப்பதா என்று முடிவுசெய்ய வேண்டும் என்று. நான்கு விண்ணப்பங்களின் தேதியும் குறிப்பிட்டேன். தபால் அலுவலகத்தில் பசை இல்லை. அங்கேயும் ஒரு சண்டை.

அப்படியே பட்டறைக்குப் போனேன். தனபால் அண்ணன் அங்கே இருந்தார். ஓடாத வண்டிக்குள் உட்கார்ந்து சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடிதம் போட்ட விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"தெறக்கச் சொல்லாதீங்க சிஸ்டர்."

"ஏன்?"

"வேணாம். விட்ருங்க. வேற வண்டி வாங்கட்டும்."

"வாங்குவாங்கன்னு நெனக்கிறீங்களா? ரூட்டையே நிறுத்திட்டாங்கண்ணே. நீங்களும் ஆபீஸ் மாதிரியே பேசுறீங்க. யாருக்குப் பயப்படுறீங்க?"

அவர் துணியை மடித்து டேஷ்போர்டில் வைத்தார். "எனக்கென்ன பயம்? தெறந்தா எல்லாந்தான் தெரியும். சேறு மட்டுமா தெரியும்?"

"எல்லாம் தெரியட்டும்."

"சரி. உங்க இஷ்டம்."

அந்த 'உங்க இஷ்டம்' வழி நெடுக என்னோடு வந்தது. எனக்கு யாரும் பூடகமாகப் பேசினால் பிடிக்காது. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியதுதானே.

ஜூலை 21, ஞாயிறு

பொன்னாயி இறந்துவிட்டாள். காலை ஒன்பது மணிக்கு.

ஜூலை 22, திங்கள்

இன்று மலையில் அடக்கம். போகவில்லை. நேற்றிலிருந்து வயிறு சரியில்லை. தனபால் அண்ணன் ஷேர் ஜீப் பிடித்துப் போயிருக்கிறார்.

அரிசி களைந்து வைத்தேன், அடுப்பில் வைக்க மறந்துவிட்டேன். துணி துவைத்தேன். அந்த யூனிஃபார்மை மூன்றாவது தடவையாகத் துவைக்கிறேன். வாடை இல்லை, எனக்குத் தெரிகிறது வாடை இல்லையென்று.

ஜூலை 26, வெள்ளி

வென்றுவிட்டேன். அறக்கட்டளைத் தலைவர் அம்மாவே போனில் பேசினார். பொன்னாயி இறந்தது அவரை உலுக்கிவிட்டது என்றார். திங்கட்கிழமை கோதண்டம் என்ஜினைத் திறக்கிறார். நானும் உடன் இருக்கலாம்.

திருஞானம் சார் என்னைப் பார்த்து வணக்கம்கூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம். திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம்.

ஜூலை 29, திங்கள்

பட்டறையில் நான், தனபால் அண்ணன், திருஞானம் சார். கோதண்டத்துக்கு அறுபது வயதிருக்கும். அவசரமே இல்லாத ஆள். ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றித் துடைத்து வரிசையாக வைத்தார்.

முதலில் ரேடியேட்டர். அதைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். குழம்பு மாதிரி சேறு விழுந்தது. "இது நாலஞ்சு வருஷத்துச் சேறு. பாதிக் குழாய்ல தண்ணியே போவல" என்றார். நான் போட்டோ எடுத்தேன். திருஞானம் சாரின் காலடியில் விழுகிற மாதிரி எடுத்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு திருப்தியை அனுபவித்ததில்லை.

அது பத்து நிமிடம் இருந்தது.

பிறகு என்ஜினின் மேல்மூடியை, ஹெட்டை, கழற்றினார். இரும்பு ஸ்கேலை அதன்மேல் குறுக்கே வைத்துக் குனிந்து பார்த்தார். இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தது. விரலை உள்ளே விட்டு பிஸ்டனைத் தடவினார். விரல் கருப்பாக வந்தது.

"இது வேற" என்றார்.

"என்ன வேற?" திருஞானம் சார் உடனே கேட்டார்.

"சேத்தால வண்டி சூடாவுங்க. சூடானா மீட்டர்ல முள்ளு ஏறும். அப்பவே நிறுத்தித் தண்ணி ஊத்தி ஆறவிட்டா ஒண்ணும் ஆவாது. முள்ளு செவப்புக்குப் போனப்புறமும் ஓட்டியிருக்காங்க. அஞ்சாறு நிமிஷமாவது மிதிச்சு ஓட்டியிருக்காங்க. அதான் ஹெட்டு வளைஞ்சு பிஸ்டன் அசையாம இறுகிப் பிடிச்சிருச்சு."

எல்லாரும் தனபால் அண்ணனைப் பார்த்தோம். நானும்தான் பார்த்தேன். அவர் கழற்றி வைத்த போல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி பண்ண முடியுமா?" என்று கேட்டேன்.

"பண்ணலாம்மா. இந்த வண்டிய இப்பிடி விட்டாதான் பாவம். ஒரு மாசம் குடுங்க."

அன்று வண்டியில் தனபால் அண்ணன் ஏதோ கேட்டார், உண்மைதான். ஓடையருகே வண்டி மெதுவாகப் போனபோது நிறுத்தலாமா என்று கேட்ட மாதிரி ஞாபகம். ஒருத்தி ரத்தவாந்தி எடுக்கும்போது டேஷ்போர்டில் முள் எங்கே நிற்கிறது என்று யார் பார்ப்பார்கள்? அது என் வேலையா?

ஆகஸ்ட் 1, வியாழன்

தனபால் அண்ணனை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள்.

கோதண்டம் கொடுத்த அறிக்கையில் இரண்டு பக்கம் இருக்கிறது. முதல் பக்கத்தில் சேறு. இரண்டாவது பக்கத்தில் ஹெட். திருஞானம் சார் இரண்டாவது பக்கத்தை மட்டும் படித்து, அதை வைத்து ஒரு கடிதம் தயார் செய்திருக்கிறார். "ஓட்டுநரின் அலட்சியத்தால் வாகனம் சேதமடைந்து நோயாளியின் உயிரிழப்புக்குக் காரணமானது." அதற்குக் கீழே என் பெயர், புள்ளிக்கோடு.

"நீங்க கேட்டதுதான சிஸ்டர்? தெறக்கச் சொன்னீங்க, தெறந்தாச்சு. உங்க வாக்குமூலத்துலயே இருக்கு, எந்த அறிகுறியும் கவனத்துக்கு வரலன்னு. அப்ப டிரைவர் எதுவும் சொல்லலன்னுதான அர்த்தம்? இதுல ஒரு கையெழுத்துப் போட்டா விஷயம் முடிஞ்சுது. வண்டியும் இரும்புக்குப் போயிடும்."

"சேறு?"

"சேறு எல்லா வண்டியிலயும் இருக்கும்."

கையெழுத்துப் போடவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அதைத்தான் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

இந்த மனுஷன் தனபால் ஏன் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார்? திறந்து சொல்ல வேண்டியதுதானே!

ஆகஸ்ட் 2, வெள்ளி

அவர் வீட்டுக்கே போனேன். வாசலில் அவர் மனைவி கமலா மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். வா என்று சொல்லவில்லை. போன பொங்கலுக்கு எனக்குக் கரும்பு கட்டிக் கொடுத்தவள்.

தனபால் அண்ணன் வெளியே வந்தார். நின்றுகொண்டே பேசினோம்.

"ஏண்ணே ஒண்ணும் சொல்லாம இருக்கீங்க?"

"என்னத்தச் சொல்றது?"

"நிறுத்தலாமான்னு கேட்டேன்னு சொல்லுங்க!"

முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. "நான் கேக்கல. சொன்னேன். மூணு வாட்டி சொன்னேன். முள்ளு செவப்புல நிக்குது, ஓடையில தண்ணி இருக்கு, இருபது நிமிஷம் ஆறவிட்டா எடுத்துரலாம்னு சொன்னேன். நீங்க என் தோள்ல அடிச்சீங்க. ஞாபகம் இருக்கா? அடிச்சு, 'ஓட்டுங்க, அவ செத்துருவா'ன்னு கத்துனீங்க."

மிளகாய் நெடியில் எனக்கு இருமல் வந்தது. அவர் காத்திருந்தார்.

"அப்ப ஏன் அந்தக் காயிதத்துல கையெழுத்துப் போட்டீங்க?"

"நீங்க ஆத்திரத்துல எழுதியிருக்கீங்க, ரெண்டு நாள்ல நீங்களே மாத்திச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அஞ்சு வருஷமா பாக்குறேன்ல உங்கள. ரெண்டு நாள் மூணு நாளாச்சு. அந்தப் பொண்ணும் போயிருச்சு. அடக்கம் பண்ணப்ப சடையன் எங்கிட்ட கேட்டான், 'ஏன் நிறுத்தல?'ன்னு. நான் என்ன சொல்லியிருக்கணும்? நீங்களே சொல்லுங்க."

"என்ன சொன்னீங்க?"

"தப்பு பண்ணிட்டேன்னு சொன்னேன். வண்டிய மிதிச்சது என் காலுதான?"

ஆகஸ்ட் 3, சனி

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது முதலில் எழுதிவிடுகிறேன்.

ஓடைக்கு ஐம்பது அடி முன்பே தனபால் அண்ணன் சொன்னார். அவர் வண்டியை ஓரம் கட்டவும் ஆரம்பித்தார். நான்தான் தடுத்தேன். முள்ளைப் பார்த்தேன். அது சிவப்பில் நின்றதைக் கண்ணால் பார்த்தேன். பாம்புக்கடிக்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்று நர்ஸிங் படிப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அந்த நிமிடங்கள்தான் என் தலையில் இருந்தன. இருபது நிமிடம் நிற்பதா? முடியாது. ஓட்டுங்க. ஆறு நிமிடம் ஓடியது. பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றது.

அந்த நேரத்தில் நான் செய்தது தப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இன்னொரு நர்ஸும் அதையேதான் செய்திருப்பாள் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன். அது இருக்கட்டும். பதினொன்றாம் தேதி அலுவலகத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரு பொய் எழுதினேனே, அதற்கு எந்த அவசரமும் இல்லை. யாரும் ரத்தவாந்தி எடுக்கவில்லை. அலுவலகத்தின் மேல் இருந்த கோபம் அவ்வளவு வசதியாக இருந்தது எனக்கு. அதில் நியாயமும் இருந்ததால் இன்னும் வசதி.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டி, தொட்டி நிரம்பி வழிகிறது, மோட்டாரை நிறுத்து என்றாள். நிறுத்திவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

கடிதத்தைக் கொடுத்தேன். கூடவே நான்கு விண்ணப்பங்களின் நகல்கள், அறிக்கையின் இரண்டு பக்கங்கள், சேற்றின் போட்டோ. தலைவர் அம்மாவுக்கும் ஒரு செட் அனுப்பிவிட்டேன்.

திருஞானம் சார் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"உங்களையே மாட்டிவிட்டுக்கிறீங்களே சிஸ்டர்."

"ஆமா."

"கூடவே எங்களையும் இழுக்கிறீங்க."

"ஆமா சார். ரேடியேட்டர் சுத்தமா இருந்திருந்தா அந்த முள்ளு ஏறியே இருக்காது. நான் நிறுத்த விட்டிருந்தா வண்டி படுத்திருக்காது. ரெண்டும் உண்மை. ஒரு பக்கத்த மட்டும் படிக்க இனிமே யாராலயும் முடியாது."

கடிதம் வந்ததற்கு அவரிடமே ரசீது எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 14, புதன்

முடிவு வந்துவிட்டது. வண்டியைப் பழுது பார்க்கிறார்கள். கோதண்டம் ஏற்கெனவே வேலையை ஆரம்பித்துவிட்டார். தனபால் அண்ணனை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். திருஞானம் சாருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். அவர் நாற்காலியில் அவரே இருக்கிறார். என்னை மலை வழித்தடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி கீழே மருந்தகத்தில் ஸ்டாக் எழுத வேண்டும். என் இடத்துக்குப் புது நர்ஸைத் தேடுகிறார்கள்.

மாலையில் தனபால் அண்ணன் வந்தார். மருந்துப் பெட்டிச் சாவியை வாங்கிக்கொள்ள. சாவியைக் கொடுத்துவிட்டு, "அண்ணே, மன்னிச்சிருங்க" என்றேன்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? நான் வேலைக்குத் திரும்பிட்டேன். மலையில போய்ச் சொல்லுங்க. அங்க இன்னும் என்னைத்தான் திட்டிக்கிட்டிருக்காங்க."

சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஷேர் ஜீப்பில் ஈச்சங்காடு போனேன். பதினெட்டுப் பேரோடு நெருக்கியடித்துக்கொண்டு.

சடையன் வீட்டுக்குப் பின்னால் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் மண்ணைத் தட்டிக் குவித்துக்கொண்டிருந்தன. அவற்றை வீட்டுக்கு அனுப்பினான். நான் நின்றபடியே சொன்னேன். ஓடை, முள், தோளில் அடித்தது, ஓட்டச் சொன்னது, அப்புறம் அலுவலகத்தில் எழுதிக்கொடுத்தது. கிழங்கிலிருந்து மண்ணை உதிர்த்துக்கொண்டே கேட்டான்.

"நிறுத்தியிருந்தா பொழச்சிருப்பாளா?"

தெரியாது என்று வாய்வரை வந்தது. தெரியாதுதான். ஆனால் அது ஒரு மறைவிடம் என்று தோன்றியது.

"பொழச்சிருக்கலாம். ஒண்ணரை, ரெண்டு மணி நேரம் முன்னாடி போயிருப்போம்."

அவன் கிழங்கைக் கீழே போட்டான். என் கையைப் பிடித்தான், மணிக்கட்டு வலிக்கும்படி. இழுத்துக்கொண்டு ஆலமரத்தடிக்குப் போனான். அங்கே ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூட்டம் இருந்தது. "சொல்லு" என்றான். "தனபாலு பேர இங்க எல்லாரும் நாறடிச்சிருக்கோம். எனக்கு மட்டும் சொல்லிட்டுப் போனா ஆச்சா? சொல்லு."

சொன்னேன். முப்பது நாற்பது பேர் இருந்திருப்பார்கள். பொன்னாயியின் அம்மா மண்ணை அள்ளி என் மேல் வீசினாள். யாரும் தடுக்கவில்லை. நானும் நகரவில்லை. சொல்லி முடித்தேன். பிறகு இன்சுலின் போடுகிற காளியம்மாள் கேட்டாள்.

"வண்டி எப்ப வரும்?"

"அடுத்த வாரம் விட்டு அதுக்கடுத்த செவ்வா."

"யாரு வருவா?"

"வேற சிஸ்டர் வருவாங்க. நான் வரமாட்டேன். என்னைக் கீழ மாத்திட்டாங்க."

சடையன் சிரித்தான். அந்தச் சிரிப்பை எழுத எனக்குத் தெரியவில்லை.

"தப்பிச்சுட்ட. நீ கீழ ஃபேனுக்கடியில உக்காந்துக்குவ. இங்க புதுசா ஒருத்தி வந்து, எந்தம்மாவுக்கு எந்த மாத்திரன்னு தெரியாம முழிப்பா. அதெல்லாம் வேணாம். நீயே வா. வாராவாரம் வந்து எம் மூஞ்சியப் பாத்துட்டுப் போ."

ஆகஸ்ட் 20, செவ்வாய்

தலைவர் அம்மாவைப் பார்த்து, மலைக்கே திரும்பிப் போகக் கேட்டேன். "அங்கே உங்களை வேண்டாம் என்பார்களே?" என்றார். "அவங்கதாம்மா வரச் சொல்றாங்க" என்றேன். ஏன் வரச் சொல்கிறார்கள் என்றும் சொன்னேன். மலைக்கு வர ஒரு நர்ஸும் இதுவரை சம்மதிக்கவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கும், ஒப்புக்கொண்டார்.

தனபால் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். "வாங்க. ஆனா வண்டி விஷயத்துல இனிமே நான் சொல்றதுதான். பேஷண்ட் விஷயத்துல நீங்க சொல்றது" என்றார். சரி என்றேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

வண்டி நன்றாக ஏறியது. வழியில் நாங்கள் பேசிக்கொண்டது மிகவும் கொஞ்சம். முதல் ஐந்து ஊரிலும் இரண்டு மாதப் பாக்கி. சர்க்கரை எல்லாருக்கும் ஏறியிருக்கிறது, ஒருத்தருக்குக் காலில் புண் வேறு. திருஞானத்தை அங்கேயே கொண்டுவந்து அந்தப் புண்ணைக் கழுவச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

ஈச்சங்காட்டில் வண்டியை நிறுத்தும்போதே சடையன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். வரிசையில் வரவில்லை. நேர் எதிரில், பத்தடி தூரத்தில், குத்துக்காலிட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தொரு பேருக்குப் பார்த்தேன். இரத்த அழுத்தம், சர்க்கரை, மாத்திரை, நோட்டில் பதிவு. இரண்டு இடத்தில் தவறாக எழுதி அடித்துத் திருத்தினேன். அவனுடைய அம்மா வந்தாள், மாத்திரை வாங்கிக்கொண்டு போனாள். அவன் பார்வையை எடுக்கவில்லை. நானும் ஒவ்வொரு நோட்டையும் முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தேன்.

கடைசி ஆளும் போனபிறகு பெட்டியை மூடாமல் காத்திருந்தேன். கால் மணி நேரம் இருக்கும். தனபால் அண்ணன் ஹாரன் அடிக்கவில்லை. பிறகு சடையன் எழுந்தான், வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினான், காட்டுப் பக்கம் நடந்தான்.

பெட்டியைப் பூட்டினேன்.